எட்டாம் எண் படிவம்

பிப்ரவரி 9

அன்புள்ள மெக்கானிக் ஐயாவுக்கு,

இங்கே நானும் அத்தையும் சுகம். அத்தையின் வலது கண் கட்டை அவிழ்த்தாயிற்று. இடது கண் ஆபரேஷன் ஆகஸ்டுக்கு மேல்தான் என்கிறார்கள். கட்டை அவிழ்த்ததும் சுவரைப் பார்த்து, "இவ்ளோ அழுக்காவா வச்சிருந்தே?" என்று என்னைத்தான் கேட்டார். பார்வை நன்றாகவே வந்திருக்கிறது. உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது? செப்டம்பரில் வழுக்கி விழுந்தது, ஐந்து மாதமாகிறது. ஞாயிறுதோறும் போனில் கேட்கிறேன். "ம், பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு, "அம்மாகிட்ட குடு" என்கிறீர்கள். இதற்கான பதிலிலாவது எழுதுங்கள்.

போனில் பேச முடியாத சமாசாரம் என்பதால்தான் பேனாவை எடுத்தேன். இரண்டு அறை வீட்டில் அத்தைக்குக் கண்தான் கோளாறு, காது அல்ல.

எங்கள் பத்திரிகையில் இந்த முறை சோதனைக்கு வந்திருக்கும் பொருளைப் பற்றி எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. இந்தப் பதினோரு வருடத்தில் மிக்சி, குடை, தலையணை, இஸ்திரிப் பெட்டி என்று எத்தனையோ பொருளைப் பத்துப் பேரிடம் கொடுத்துப் படிவம் வாங்கி அறிக்கை எழுதியிருக்கிறேன். இது வேறு. ஆண்கள் தனிமையில் தங்கள் சுகத்துக்குப் பயன்படுத்தும் உறை. மெத்தென்ற ரப்பர், ஒரு சாண் நீளம், ஆகாய நீலம். சும்மா மேசையில் வைத்தால் சைக்கிள் கைப்பிடிக்குப் போடுவது என்று நினைப்பீர்கள். பெட்டியில் 'புதுமைப் பொருள்' என்று போட்டிருக்கிறது. என்ன புதுமை என்று போடவில்லை.

ஒரு வாசகர் எழுதியிருந்தார், வாங்கிய மறுநாளே கிழிந்துவிட்டது, கடையில் கேட்டால் சிரிக்கிறார்கள் என்று. ஆசிரியரம்மா அந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் சத்தமாகப் படித்தார். கணக்கர் தலையைக் குனிந்துகொண்டார். எடை பார்க்கும் தம்பி இருமினான். ஆசிரியரம்மா, "ஜனங்க வாங்குறாங்க. வாங்குறதைச் சோதிக்கிறதுதான் நம்ம வேலை. கூச்சப்படுறவங்க லீவு போட்டுட்டுக் கூச்சப்படுங்க" என்றார்.

எட்டு ஆண்கள் வேண்டும். வாசகர்களில் ஏழு பேர் ஒப்புக்கொண்டார்கள். பெயர் கிடையாது, எண் மட்டும். எட்டாவது ஆள் கிடைக்கவில்லை. என் கணவர் மூன்று வருடமாக வெளிநாட்டில் தனியாகத்தானே இருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை ஆசிரியரம்மாவிடம் சொல்லியும் விட்டேன். பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கோபமென்றால் திட்டி எழுதுங்கள். திட்டும்போதும் இடுப்பைப் பற்றி ஒரு வரி.

உங்கள்
சிவப்புப் பேனா


பிப்ரவரி 27

அன்புள்ள சிவப்புப் பேனாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் தெரிய ஆரம்பித்ததில் சந்தோஷம், உனக்கு இனிமேல் கஷ்டகாலம். நான் நன்றாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

உன் கடிதத்தைக் கட்டிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். நான் சிரித்த சிரிப்பில், பக்கத்துக் கட்டில் வெல்டர் எழுந்து வந்து, "வீட்ல விசேஷமா?" என்று கேட்டார். ஆமாம், என் பெண்டாட்டி எனக்கு உத்தியோகம் வாங்கித் தந்திருக்கிறாள் என்றேன். என்ன உத்தியோகம் என்று கேட்டார். ரப்பர் சோதனை என்றேன். பொய்யில்லை.

இங்கே துறைமுகத்தில் என் வேலை கொஞ்சம் மாறியிருக்கிறது. கிரேன் மேலே ஏறுவதில்லை. கருவிக் கிடங்கில் போட்டிருக்கிறார்கள். ஜன்னல் வழியாக ஸ்பேனரையும் சங்கிலியையும் கொடுத்து, சாயங்காலம் திரும்ப எண்ணி வாங்குவது. நிழலில் வேலை, நல்லதுதான். உட்கார நாற்காலி உண்டு. கப்பல் வந்து நிற்பது ஜன்னலில் பாதி தெரியும்.

மூன்று வருடமாகத் தனியாகத்தானே என்று உன் ஆசிரியரம்மாவிடமே சொல்லிவிட்டாய். அந்த அம்மாள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? சரி, சொன்னது சொன்னதுதான். நான் மாட்டேன் என்றால் உனக்குத் தலைகுனிவு. அனுப்பு.

உன்
மெக்கானிக்


மார்ச் 6

அன்புள்ள எட்டாம் எண்ணுக்கு,

சுகம்தானே? நாங்கள் சுகம். இடுப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதைக் குறித்துவைத்திருக்கிறேன்.

கிரேனை விட்டு இறக்கிவிட்டார்களா? மேலே ஏறினால்தான் மூச்சே விட முடிகிறது என்று எழுதியவர் நீங்கள். எதற்காக இறக்கினார்கள் என்று எழுதவில்லையே.

பார்சலைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். தபாலாபீஸ் கவுன்டரில் இருந்த பெண், "உள்ள என்ன?" என்று கேட்டாள். "ரப்பர் உறை." "எதுக்குப் போடுறது?" எனக்குப் பின்னால் வரிசையில் ஆறு பேர். "மெக்கானிக்குக்கு" என்றேன். அப்படியே எழுதி முத்திரை குத்தினாள்.

பெட்டிக்குள் இருந்த விளக்கத் தாளை ஆசிரியரம்மா எடுத்துவிட்டார். கம்பெனி என்ன சொல்கிறது என்று தெரியாமல் நீங்களாக எழுத வேண்டுமாம். அந்தத் தாளை என் கண்ணில்கூடக் காட்டவில்லை. எங்கள் தாளில் இருப்பது இவ்வளவுதான்: சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, ஒரு மாதத்தில் ஆறு முறை பயன்படுத்தி, தோன்றியதைத் தோன்றியபடி எழுத வேண்டும். தயவுசெய்து கடமைக்கு எழுதாதீர்கள். கடமைக்கு எழுதிய படிவத்தை நான் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவேன். ஒருவர் குடையை விரிக்காமலே 'மழைக்கு ஏற்றது' என்று எழுதி என்னிடம் மாட்டியிருக்கிறார்.

இன்னொன்று. மே மாதம் நீங்கள் வந்ததும் பிள்ளை விஷயமாக இரண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. "முப்பத்தஞ்சுக்குள்ள பார்த்துடலாம்மா, இன்னும் தள்ளிப் போடாதீங்க" என்றார். பதினெட்டாம் தேதிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். லீவு உறுதியானதும் எழுதுங்கள்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கே முகம் சுடுகிறது. ஆனால் நான் அனுப்பிய பொருள் உங்கள் கையில் இருக்கும் என்று நினைத்தால் ஏதோ நானே கொஞ்சம் அங்கே வந்த மாதிரி இருக்கிறது. இந்த வரியைப் படித்துவிட்டு மறந்துவிடுங்கள்.

உங்கள்
சிவப்புப் பேனா


ஏப்ரல் 2

அன்புள்ள சிவப்புப் பேனாவுக்கு,

நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். பார்சல் பத்திரமாக வந்தது. படிவத்தைப் பூர்த்தி செய்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

மே மாத லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆள் பற்றாக்குறை. டாக்டரம்மாவிடம் தேதியை மாற்றச் சொல். கோபித்துக்கொள்ளாதே, என் கையில் எதுவும் இல்லை.

வேறு விசேஷம் இல்லை.

உன்
மெக்கானிக்

(இணைப்பு)
எண்: 8
பயன்படுத்திய தடவைகள்: ஆறு.
வாசனை: லேசான ரப்பர் வாசனை.
மென்மை: மிகவும் நன்று.
சுத்தம் செய்வது: எளிது.
நிறம்: நன்றாக உள்ளது. ஆறு முறைக்குப் பிறகும் நீலம் கொஞ்சமும் மங்கவில்லை.
அசௌகரியம்: இல்லை.
நண்பருக்குச் சிபாரிசு செய்வீர்களா: செய்வேன்.


ஏப்ரல் 16

அன்புள்ள உங்களுக்கு,

உடம்பு சுகமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். சுகமா?

மற்ற ஏழு படிவங்களும் வந்துவிட்டன. ஏழு பேரும் முதல் வரியில் எழுதியிருப்பது ஒரே விஷயம். அந்தப் பொருளின் புதுமை என்னவென்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. உடம்புச் சூடு பட்டால் அது நிறம் மாறுகிறது. நீலம் போய் ரோஜா நிறம் வருகிறது. மூன்றாம் எண்காரர், சாயம் தன் மேல் ஏறிவிட்டதோ என்று பயந்து அரை மணி நேரம் சோப்புப் போட்டிருக்கிறார். ஆறாம் எண்காரர், 'நிறம் மாறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, காரியம் கெட்டது' என்று எழுதியிருக்கிறார். படித்துவிட்டு அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் எட்டாவது படிவத்தை எடுத்தேன்.

ஆறு முறைக்குப் பிறகும் நீலம் மங்கவில்லை.

ஆறு முறை என்ன, ஒரு முறைகூட அது உங்கள் உடம்பில் படவில்லை.

செய்யாததற்காக நான் வருத்தப்படவில்லை. 'இதெல்லாம் என்னால் முடியாது, போ' என்று ஒரு வரி எழுதியிருந்தால் விட்டிருப்பேன். நான் உங்கள் மனைவி, உங்கள் மேலதிகாரி அல்ல. ஆனால் செய்ததாக எழுதினீர்கள். அதே தபாலில், லீவு இல்லை என்றும் எழுதினீர்கள். போன வருடமும் ஆள் பற்றாக்குறை. இந்த வருடமும் ஆள் பற்றாக்குறை. கிடங்கு ஜன்னலில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க அங்கே வேறு ஆளே இல்லையா?

மூன்று வருடம் தனியாக இருக்கும் ஒருவருக்கு இது தேவைப்படவில்லை என்றால், அங்கே அவருக்கு வேறு என்ன இருக்கிறது? இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தும் கேட்கிறேன். நேராகப் பதில் எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் தெரிந்துகொள்கிறேன்.

அத்தை உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
நான்


ஜூன் 3

அன்புத் தங்கச்சிக்கு,

நான் உங்க வீட்டுக்காரர்கூட ஒரே ரூமில் இருக்கிற வெல்டர். உங்களைப் பார்த்ததில்லை. நீங்களும் அம்மாவும் நல்லா இருக்கணும். எனக்குக் கடுதாசி எழுதி வழக்கமில்லை, தப்பு இருந்தால் மன்னிக்கணும். நீங்க தப்பைக் கண்டுபிடிக்கிற வேலை பார்க்கிறதா சொல்வார்.

உங்க கடுதாசி வந்து ஒன்றரை மாசம் ஆச்சு. அதைச் சட்டைப் பையில் வச்சுக்கிட்டே சுத்துறார். எடுக்கிறது, படிக்கிறது, வைக்கிறது. பதில் போடுய்யா என்று நான் பத்து தடவை சொல்லிட்டேன். நாலு தடவை எழுதிக் கிழிச்சார். கிழிச்ச பேப்பரை நான்தான் பெருக்கினேன். பெருக்கும்போது ஒரு வரி கண்ணில் பட்டுடுச்சு, அதனால்தான் எழுதுறேன்.

நீங்க நினைக்கிற மாதிரி இங்க எதுவும் கிடையாது. அந்த மனுஷன் வேலை விட்டா ரூம், ரூம் விட்டா வேலை. நான் சாட்சி. என் பிள்ளைங்க மேல சத்தியம்.

மத்ததை நான் சொல்லக் கூடாது, வாக்குக் கொடுத்திருக்கேன். மாசம் ரெண்டு தடவை டியூப் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போறப்பகூட நான்தான் துணைக்குப் போறேன், அதனால எனக்கு அவரை நல்லாத் தெரியும். சந்தேகப்படாதீங்க. நான் எழுதினது அவருக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
அண்ணன் மாதிரி ஒருவன்


ஜூன் 17

என்ன டியூப்?


ஜூலை 5

அன்புள்ள சிவப்புப் பேனாவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமாக இல்லை. இதை எழுதவே இத்தனை நாளாயிற்று.

செப்டம்பரில் நான் வழுக்கி விழவில்லை. கிரேன் ஏணியில் இறங்கும்போது பிடி நழுவி, இரண்டு ஆள் உயரத்திலிருந்து ஓர் இரும்பு விளிம்பின் மேல் உட்கார்ந்த நிலையில் விழுந்தேன். முதுகெலும்பின் அடியில் ஒன்று நொறுங்கிவிட்டது. ஆபரேஷன் செய்தார்கள். அப்போது போனில், 'ஓவர்டைம், மூன்று வாரம் பேச முடியாது' என்று சொன்னது வெல்டர். நான்தான் சொல்லச் சொன்னேன்.

நடக்கிறேன். இடது கால் கொஞ்சம் இழுக்கும், கவனித்தால்தான் தெரியும். ஆனால் கீழே எனக்கு உணர்வு இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தால், உட்கார்ந்திருக்கிறேன் என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். மூத்திரம் தானாகப் போகாது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை டியூப் போட்டு எடுக்க வேண்டும். நானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நீ கேட்ட டியூப் அதுதான். திரும்ப வருமா என்று டாக்டரைக் கேட்டேன். "ஒரு வருஷம் பார்ப்போம்" என்றார். இப்போது பத்து மாதம்.

உன் பார்சல் வந்த அன்று உள்ளே இருந்த பெட்டியைப் பிரிக்கவே இல்லை. படிவத்தை மட்டும் எடுத்து, ரப்பர் உறை என்றால் எப்படி இருக்கும் என்று நினைத்து எழுதிவிட்டேன். நீலம் என்று நீதான் எழுதியிருந்தாய். உன் ஏப்ரல் கடிதத்துக்குப் பிறகுதான் பிரித்தேன். வெல்டரை வெளியே போகச் சொன்னேன். உன் தாளில் எழுதியிருந்தபடியே எல்லாம் செய்தேன். ஒரு தடவைதான். இது சரியான படிவம்.

வாசனை: சைக்கிள் டியூப்.
மென்மை: கைக்கு மெத்தென்று இருக்கிறது. மற்றபடி தெரியாது.
சுத்தம் செய்வது: எளிது. அழுக்காகவில்லை.
நிறம்: மாறியது. இருபது நிமிடம் வைத்திருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எடுத்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் ரோஜா நிறம். அப்படியென்றால் அங்கே சூடு இருக்கிறது. ரத்தம் ஓடுகிறது. எனக்குச் சொல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தேன், திரும்ப நீலமாகும் வரைக்கும்.
அசௌகரியம்: தெரியாது.
நண்பருக்குச் சிபாரிசு செய்வீர்களா: தெரியாது.

அம்மாவிடம் சொல்லாதே.

உன்
மெக்கானிக்


ஜூலை 22

அன்புள்ள உங்களுக்கு,

அத்தை சுகம். நான் எப்படி இருக்கிறேன் என்று எழுதத் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை அலுவலகத்தின் சாமான் அறையில் நின்றுகொண்டு படித்தேன். பழைய சோதனைக் குடைகளெல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. கடைசி வரி முடிந்ததும் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன், இன்னும் ஏதாவது இருக்குமோ என்று. பிறகு ஒரு குடையை எடுத்து விரித்தேன், மடக்கினேன். எதற்கென்று தெரியவில்லை. ஆசிரியரம்மா வந்து கதவருகில் நின்றார்.

"எட்டாவது படிவம் என்னாச்சும்மா?"

"எட்டாவது ஆள் விலகிட்டார் மேடம்."

"காரணம்?"

"உடம்பு சரியில்ல."

"சரி, ஏழு பேர்னு எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார். அரை நாள் லீவு போட்டுக்கொள் என்றும் பிறகு சொல்லியனுப்பினார்.

பத்து மாதம். ஒவ்வொரு ஞாயிறும் நான் மிக்சி சத்தத்தையும் மாடி வீட்டுக்காரியையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். மே மாதம் டாக்டரம்மாவிடம் போகலாம் என்று எழுதினேனே, அதை நீங்கள் எப்படிப் படித்திருப்பீர்கள் என்று நினைத்தால் என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அதோடு அந்தப் பார்சல். உங்களுக்குப் போய் நான் அந்தப் பார்சலை அனுப்பினேனே.

ஆனால் கோபமும் இருக்கிறது. மறைக்கப்போவதில்லை. எனக்குத் தெரிய வேண்டியது வெல்டருக்குத் தெரிந்திருக்கிறது.

அங்கே வர முடியுமா என்று உங்களை அனுப்பிய கம்பெனியின் அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனுஷர்தான், உட்காரச் சொன்னார். குடும்பம் வந்து தங்க அங்கே இடமில்லையாம். படுத்த படுக்கையாக இருந்தால் மட்டும் ஒருவருக்கு அனுமதி உண்டாம்.

"நடக்கிறாரா?"

"நடக்கிறார்."

"அப்ப முடியாதும்மா."

நடக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

நீங்கள் வாருங்கள். வேலையை விட்டுவிட்டே வாருங்கள். எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள்
நான்தான்


ஆகஸ்ட் 12

அன்புள்ள சிவப்புப் பேனாவுக்கு,

நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதத்தை வாங்கியதும் கிடங்கு ஜன்னலைச் சாத்திவிட்டுப் படித்தேன். வெளியே நாலு பேர் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

வேலையை விட முடியாது. வேலையில் இருக்கும் வரைக்கும்தான் இங்கே வைத்தியம் பார்ப்பார்கள். அங்கே வந்தால் எந்த டாக்டரிடம் போவது, முதலிலிருந்து யாரிடம் சொல்வது? எனக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

போர்மேன் இருபத்திரண்டு நாள் லீவு கொடுத்திருக்கிறார். முன்பும் கொடுத்தார். நான்தான் வேண்டாம் என்றேன். இந்தத் தடவை வாங்கிக்கொண்டேன். செப்டம்பர் இரண்டாம் தேதி வருகிறேன். அம்மாவுக்கு முதுகுவலி என்று மட்டும் சொல்.

நேரில் சொல்ல வாய் வராது என்பதால் ஒன்றை இதிலேயே எழுதிவிடுகிறேன். உனக்கு முப்பத்து நாலு வயது. டாக்டரம்மா சொன்ன கெடு உனக்குத்தான், எனக்கு இல்லை. உனக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று எனக்குத் தெரியும். வேறு ஒரு வாழ்க்கையை நீ பார்த்துக்கொள்வதென்றால் எங்கே கையெழுத்துக் கேட்டாலும் போட்டுத் தருகிறேன். யாரும் உன்னைக் குறை சொல்ல விடமாட்டேன். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நல்ல மனதோடுதான் எழுதுகிறேன். நாடகமில்லை.

உன்
மெக்கானிக்


செப்டம்பர் 7

அன்புள்ள உங்களுக்கு,

இதற்குத் தபால்தலை ஒட்டவில்லை. நீங்கள் முன்னறையில் அத்தையோடு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் சமையலறை மேடையில் வைத்து எழுதுகிறேன். உங்கள் சட்டைப் பையில் வைத்துவிடுவேன். சுகமா என்று இங்கிருந்தே கேட்கலாம். கேட்டால் "ம், பரவாயில்ல" என்பீர்கள்.

நீங்கள் வந்து ஐந்து நாள். முதுகுக்கு நல்லது என்று முன்னறையில் தரையில் படுக்கிறீர்கள். குளியலறைக்குள் போனால் அரை மணி நேரம். "என்னடா பண்றே உள்ளே?" என்று அத்தை கதவைத் தட்டுகிறார். நீங்கள் குழாயைத் திறந்துவிடுகிறீர்கள். நேற்று டீ கொடுக்கும்போது என் விரல் பட்டுவிடும் என்று, டம்ளரைக் கீழே வைக்கச் சொன்னீர்கள். நான் வெளியே போன பிறகு எடுத்துக்கொண்டீர்கள்.

"புருஷன் வந்த வீடு மாதிரியா இருக்கு? ரெண்டு பேரும் சண்டையா?" என்று அத்தை இன்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப ஏன்டி அவன் உன்னைப் பார்த்தா எழுந்து போறான்?" என்றார். ஒரு கண்ணில் இவ்வளவு தெரிகிறது, இரண்டாவது கண்ணும் வந்துவிட்டால் என்னாவது?

உங்கள் ஆகஸ்ட் கடிதத்துக்குப் பதில். யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். இரண்டு நாள் யோசித்தேன். பேருந்தில் போகும்போது, முன் இருக்கையில் குழந்தையோடு இருந்தவளைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். அந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அதில் உங்களை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன். பிள்ளை வேண்டுமென்ற ஆசை போகவில்லை. அது இருக்கும். அழுகையும் வரும். அப்போது உங்கள் கையெழுத்து எனக்கு எதற்கும் உதவாது.

எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. உங்களை எங்கே தொட்டால் தெரியும், எங்கே தொட்டால் தெரியாது என்றுகூட எனக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரிகிறது, வெல்டருக்குத் தெரிகிறது. எனக்கும் காட்டுங்கள். குணமாக்கப் போவதில்லை நான். தெரிந்துகொள்கிறேன், அவ்வளவுதான்.

இன்னும் பதினேழு நாள்தான் இருக்கிறது.

உங்கள்
சிவப்புப் பேனா


செப்டம்பர் 8

அன்புள்ளவளுக்கு,

நீ ஆபீஸ் போன பிறகு எழுதுகிறேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து யாருக்குக் கடுதாசி என்று கேட்கிறாள். கம்பெனிக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

தொடையின் முன்பக்கம் தெரியும். பின்பக்கம் தெரியாது. முழங்கால் தெரியும். இடது பாதத்தின் அடியில் தெரியாது, செருப்பு கழன்றாலும் தெரியாது. முதுகில் தையல் போட்ட இடத்துக்கு மேலே எல்லாம் பழையபடி. வயிற்றிலும் தெரியும். அதற்குக் கீழே இல்லை. கையும் முகமும் ஒன்றும் ஆகவில்லை. டீ டம்ளரை நான் கீழே வைக்கச் சொன்னதற்குக் காரணம் அதுதான். உன் விரல் பட்டால் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாது. அங்கே தனியாக இருந்தபோது இவ்வளவு பயம் இல்லை.

உனக்கு அருவருப்பாக இருக்குமோ என்று நினைக்கிறேன். டியூப், பை, நாற்றம். இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள், நான் தப்பாக நினைக்க மாட்டேன். இருந்தும் இல்லாத மாதிரி நடிக்காதே. நடிப்பு என்னிடமே நிறைய இருந்துவிட்டது.

நாளை பத்து மணிக்கு அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். மாடி வீட்டு அக்கா கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வர ஒரு மணியாகும். நீ ஆபீசுக்கு மதியம் போக முடியுமா?

ஒன்றும் நடக்காது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் அழுதாலும் அழுவேன். நீ பக்கத்தில் உட்கார். நான் எழுந்து போகாமல் இருக்கப் பார்க்கிறேன்.

இதற்குப் பதில் எழுதாதே.